மேற்கோள் கணக்கில் வராத தாய்மார்

உங்கள் பிள்ளை மருத்துவ ஆராய்ச்சியில் இருந்தால் 'எச் குறியீடு' என்னும் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். ஹோர்ஹே ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் 2005-இல் வகுத்த அளவுகோல் இது. ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் 20 முறையாவது பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், அவரது குறியீடு 20. பதவி உயர்வுகூடச் சில இடங்களில் இவ்வெண்ணைப் பார்த்தே அளிக்கப்படுகிறது.

ஆனால் 1971-ஐச் சற்று நினைத்துப் பாருங்கள். மேற்கு வங்காளத்தின் பன்கானில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பின்வழி ஏற்றும் திரவமோ தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். தாய்மாரும் உறவினருமே அதைப் புகட்டினார்கள். சுமார் 30 சதவீதமாயிருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. இதை விவரித்த கட்டுரை 1973-இல்தான் வெளிவந்தது. 2022-இல் அவர் மறைந்தார். பத்ம விபூஷண் விருதோ 2023-இல்தான் அறிவிக்கப்பட்டது.

மேற்கோள் எண்ணிக்கை, பிற ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையை எடுத்தாண்டதையே காட்டும். வாடிய குழந்தைக்கு அக்கரைசலைப் புகட்டும் தாய் கட்டுரை எழுதுவதில்லை. ஆதலால் அவள் அக்கணக்கில் வருவதுமில்லை. பிரியமானவர்களே, பிள்ளையிடம் எண்ணை மட்டும் கேளாதிருங்கள். "உன் ஆய்வினால் யார் பிழைப்பார்?" என்றும் கேளுங்கள்.