முழங்காலைக் காக்கும் இருபது நிமிடம்



ஆர்ஜொந்தெயிலும் சுற்றுப்புறங்களிலும் எங்கள் பிள்ளைகள் பலர் ஜூடோ, மல்யுத்தம், உதைபந்தாட்டம் என்று கழகங்களுக்குப் போகிறார்கள். வேலை முடிந்து ஓடிவந்து, ரயிலும் பிந்தி, பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போது பயிற்சி தொடங்கிக் கால் மணித்தியாலம் போயிருக்கும். "சும்மா ஓடித் துள்ளுகிற நேரம்தானே" என்று மனதைத் தேற்றிக்கொள்வோம். அந்தச் 'சும்மா' நேரத்தைப் பற்றியதே இம்மாத உரை.

இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டை அறிவீர்கள். 2016இல் றியோ ஒலிம்பிக் காலிறுதியில் அவருடைய முழங்கால் பிசகியது. அப்போது வயது 21. சத்திரசிகிச்சையின் பின் மீண்டு வந்து, 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். 2023 ஆகஸ்டில் பயிற்சியின்போது மறுபடியும் முழங்கால் காயம், மறுபடியும் சத்திரசிகிச்சை. அடுத்த வருடம் எங்கள் பாரிசில் இறுதிப்போட்டி வரை வந்தார். 100 கிராம் எடை கூடியதால் பதக்கம் கைநழுவியது வேறு கதை.

இவ்வளவு பயிற்சி பெற்றவருக்கே ஏன் இப்படி? மல்யுத்தத்தில் பாதம் மெத்தையில் ஊன்றி நிற்க, எதிராளி உடலைத் திருப்புகிறார். அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்குகிறது. மடங்கி நிமிரவே அமைந்த மூட்டு அது. உள்ளே குறுக்காக ஓடும் தசைநார்தான் கீழ்க்கால் எலும்பு முன்னே வழுக்காமல் பிடிக்கிறது. முழங்காலுக்குத் துணை நிற்பவை தொடையின் முன் பின் தசைகளும் இடுப்புத் தசைகளும். இவை பலவீனமானால் முழங்கால் உட்பக்கம் சரியும். தசைநார் அறுவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஆகவே நல்ல தொடக்கப் பயிற்சி உடலைச் சூடாக்குவதோடு நிற்பதில்லை. ஐந்து நிமிடம் மெதுவான ஓட்டம். பின்னர் பத்துத் தடவை குந்தி எழும்புதல். முழங்கால் பாதவிரல்களின் நேரே இருக்கவேண்டும். ஒரு காலை முன்வைத்துத் தாழ்தல். ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்றல். துள்ளி, முழங்காலை மடித்துச் சத்தமில்லாமல் இறங்குதல். முழந்தாளிட்டு, ஒருவர் குதிக்காலைப் பிடிக்க, உடலை மெல்ல முன்னே சாய்த்தல், இது பின்தொடைக்கு. ஓரிடத்தில் நின்று நெடுநேரம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சியைக் கடைசிக்கு விடலாம்.

2007இல் நோர்வேயில் உதைபந்தாடும் சுமார் 1,900 சிறுமிகளிடம் இத்தகைய இருபது நிமிடப் பயிற்சியைப் பரிசோதித்தார்கள். அதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தன. விளையாட்டு வேறானாலும் முழங்கால் ஒன்றுதான். காயமே வராது என்று யாரும் உறுதி தரமுடியாது, ஆபத்து குறையும்.

கணக்கெழுதுகிறவன் என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன். கிழமைக்கு இரண்டு தடவை இருபது நிமிடம் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 35 மணித்தியாலம். தசைநார் அறுந்து சத்திரசிகிச்சை செய்தால், மீண்டும் களமிறங்கப் பொதுவாக ஒன்பது மாதமாவது வேண்டும்.

முழங்கால் வீங்கினாலோ, நடக்கும்போது நழுவுவதுபோல் இருந்தாலோ எண்ணெய் பூசிச் சமாளிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். நேரத்துக்கு வரமுடியாத நாளில், பிள்ளை தனியே இவற்றைச் செய்து முடித்தபின் மெத்தையில் இறங்கட்டும். பயிற்றுநரிடம் கேட்டால் மறுக்கமாட்டார்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.