கடல் ஏறிய பிறகும் கடை திறக்கும் ஆல்ஃபா

அறிவியல் காமிக்ஸ் என்றதும் தமிழ் வாசகர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் இரும்புக்கை மாயாவி. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்தவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும். பிறகு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ வந்தது. அதில் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கும், கிண்டல் பேசும். ஆனாலும் கதை ஒரு சர்வாதிகாரியை எதிர்த்தே ஓடுகிறது. அறிவியல் புனைவு என்றால் எதிரி வேண்டும், ஆபத்து வேண்டும், கடைசியில் யாராவது உலகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம்.

ஜப்பானியக் காமிக்ஸான மங்காவில் வேறொரு வகை உண்டு. காலம் எதிர்காலம்தான்; ரோபோ உண்டு, வேற்றுக்கிரகம் உண்டு, பாழடைந்த நகரமும் உண்டு. ஆனால் அங்கே மனிதர்கள் காபி போடுகிறார்கள், படகு ஓட்டப் பழகுகிறார்கள், ஜன்னல் துடைக்கிறார்கள். வில்லனே கிடையாது. இதில் என்ன சுவை இருக்கிறது என்பதைச் சில கதைகளை வைத்துப் பார்க்கலாம்.

காரணம் சொல்லாத கதை

இந்த வகையின் தலைசிறந்த படைப்பு ஹிதோஷி அஷினானோவின் ‘யோகோஹாமா கைதாஷி கிகோ’. 1994 முதல் 2006 வரை ‘ஆஃப்டர்நூன்’ மாத இதழில் வெளிவந்து, 14 தொகுதிகளாக முடிந்தது. கடல்மட்டம் ஏறி ஊர்கள் மூழ்கிவிட்டன. மனிதர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மியுரா தீபகற்பத்தில் ஆல்ஃபா என்ற ரோபோ ஒரு சின்ன காபிக் கடை நடத்துகிறாள். கடைக்குச் சொந்தக்காரர் பயணம் போனவர், திரும்பவில்லை. ஆள் வராத நாட்களே அதிகம். ஆல்ஃபா காபிக்கொட்டை வாங்க ஸ்கூட்டரில் போகிறாள், படம் எடுக்கிறாள், பெட்ரோல் பங்க் நடத்தும் பெரியவரிடம் பேசுகிறாள்.

உலகம் ஏன் இப்படி ஆனது? அஷினானோ கடைசி வரை அதை விளக்கவே இல்லை. விளக்கியிருந்தால் யார் செய்த குற்றம், எப்படிச் சரிசெய்வது என்று நம் மனம் அதன் பின்னால் போயிருக்கும். காரணத்தை மூடி வைத்ததால் கவனம் அன்றைய வெயிலிலும் காற்றிலும் எதிரே இருப்பவரின் முகத்திலும் நிற்கிறது. வசனமே இல்லாத பக்கங்கள் பல வருகின்றன.

பெரியவரின் பேரன் தகாஹிரோ சிறுவனாக அறிமுகமாகிறான்; வளர்ந்து, வேலைக்காக ஊரைவிட்டுப் போகிறான். ஆல்ஃபாவுக்கு வயது ஏறுவதில்லை. ரோபோ இந்தக் கதைக்குத் தேவைப்படுவது இதற்காகத்தான். மாறாத ஒருத்தி பக்கத்தில் நிற்கும்போதுதான் மற்றவர்களின் காலம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது கண்ணில் படுகிறது. சாதாரண குடும்பக் கதையால் இதை இவ்வளவு கூர்மையாகக் காட்ட முடியாது. 2007-ல் ஜப்பானின் பெயர்பெற்ற அறிவியல் புனைவு விருதான சேயுன் விருது இதற்குக் கிடைத்தது.

செய்யும் வேலைக்கு ஒரு மரியாதை

கோசுஏ அமானோவின் ‘ஆரியா’வில் செவ்வாய்க் கிரகம் நீர் நிறைந்த உலகமாகிவிட்டது. வெனிஸைப் போலக் கட்டிய நகரில் அகாரி என்ற பெண் படகோட்டப் பயிற்சி எடுக்கிறாள். துடுப்பை எப்படிப் பிடிப்பது, வந்தவர்களை எப்படி உட்கார வைப்பது என்பவையே அவளுடைய சாகசங்கள்.

தொழிலாளர் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமானது ஹிசாஏ இவாஓகாவின் ‘தோசெய் மேன்ஷன்’. பூமி முழுவதும் பாதுகாக்கப்பட்ட பகுதியாகிவிட, மக்கள் 35 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிக் கட்டிய வளையத்தில் வாழ்கிறார்கள். மேல்தளம் வசதி படைத்தவர்களுக்கு. கீழ்த்தளத்தில் இயற்கை வெளிச்சமே இல்லை. பள்ளி முடித்த மிட்சு, அப்பா செய்த அதே வேலைக்குப் போகிறான்: வளையத்தின் வெளிப்பக்கம் தொங்கி ஜன்னல் துடைப்பது. அப்பா அந்த வேலையில்தான் காணாமல் போனார். துடைக்கக் கூலி அதிகம் என்பதால், துடைத்த ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் பெரும்பாலும் பணக்கார வீடுகளுக்குத்தான் கிடைக்கிறது. இந்த அநீதியைக் கதை மறைக்கவில்லை. கயிறு கட்டும் முறை, மூத்த தொழிலாளியின் முணுமுணுப்பு, முதல் சம்பளம் எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டுகிறது. 2011-ல் ஜப்பான் ஊடகக் கலை விழாவின் மங்கா பிரிவில் முதல் பரிசு பெற்றது இதுதான்.

நம் ஊரில் நின்று பார்த்தால்

இந்தக் கதைகளின் உலகம் எங்கள் அமராவதி நகருக்கு அந்நியமாகத் தெரியவில்லை. தலைக்கு மேலே அணை. அதன் கரையில் 1975 முதல் முதலைப் பண்ணை. உடுமலைப் பக்கம் போனால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் ராட்சதக் காற்றாலைகளின் அடியில் ஆடு மேய்கிறது. வடக்கே திருப்பூரில் ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள் ஒன்றரை ஷிப்ட் ஓடுகின்றன. எங்கோ ஒரு நாட்டுக் கடையில் துணி தொங்க வேண்டிய நாள்தான் இங்கே ஒரு குடும்பம் எப்போது தூங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அழிவும் நமக்குப் புதிதில்லை. பாசனத்துக்காக நொய்யலில் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு நிற்கும் குளமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இவ்வளவு பெரிய விஷயங்களுக்கு நடுவிலும் சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து, பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைத்து வாழ்ந்தோம். அந்த வாழ்க்கையைத்தான் இந்த மங்காக்கள் எழுதத் தகுந்தது என்று நினைக்கின்றன.

இது தப்பித்தல்தானா?

நியாயமான கேள்வி. கடல் ஏறும்போது காபியை ரசிப்பது பொறுப்பின்மை ஆகாதா? சுகுமிசுவின் ‘ஷோஜோ ஷூமாட்சு ரியோகோ’ இதற்குப் பதில் தருகிறது. 2014 முதல் 2018 வரை வந்த இக்கதையில், சீட்டோ, யூரி என்ற இரு பெண்கள் போரால் பாழான அடுக்கு நகரத்தில் உணவு தேடிப் போகிறார்கள். வழியில் இஷீ என்பவள் தனியாளாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறாள். அது பறந்த சிறிது நேரத்தில் உடைகிறது. பாராசூட்டில் இறங்கும் அவள் முகத்தில் சிரிப்பு. இழப்பை இந்தக் கதை குறைத்துக் காட்டவில்லை. இழப்போடு ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று கேட்கிறது. எதை இழக்கக்கூடும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அதைக் காக்கும் எண்ணமும் வரும். ஆற்றை நேசிக்காதவர் ஆற்றுக்காக வழக்குப் போட மாட்டார்.

எங்கே தொடங்கலாம்?

நான்கு கதைகளும் ஆங்கில மொழிபெயர்ப்பில் வந்திருக்கின்றன. வேலைக்குப் போகிறவர்கள் மிட்சுவிடமிருந்து தொடங்கலாம், மற்றவர்கள் ஆல்ஃபாவிடமிருந்து. மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஓரிரு பக்கத்தில் பழகிவிடும். இவை மாதத்துக்கு ஓர் அத்தியாயம் என்ற கணக்கில் படிப்பதற்காக வரையப்பட்டவை. ஒரே மூச்சில் முடிக்காமல், ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். வசனம் இல்லாத பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிடாதீர்கள். கதை நடப்பதே அங்கேதான்.