இன்டரப்ட் வந்தால் எந்தப் பூட்டு? சந்தேகங்களும் விளக்கங்களும்

லாஸ்பேட்டை பாலிடெக்னிக்கிலோ உழவர்கரையின் வேறு கல்லூரியிலோ படித்துக்கொண்டு, ராஸ்பெரி பை போர்டுக்கு லினக்ஸ் டிரைவரைத் தாமே எழுதிப் பார்க்கும் மாணவர்களுக்கான விளக்கம் இது.

சந்தேகம்: ஒற்றைக் கோர் போர்டில் ஒழுங்காக ஓடிய டிரைவர், நான்கு கோர் போர்டில் கணக்கைத் தப்பாகக் காட்டுகிறதே?

விளக்கம்: 2012-இல் வந்த முதல் ராஸ்பெரி பையில் ஒரே கோர். அங்கே இன்டரப்டை அணைத்துவிட்டால் ஹேண்ட்லர் குறுக்கே வராது. 2015-இல் வந்த ராஸ்பெரி பை 2-இல் நான்கு கோர்கள். ஒரு கோரில் அணைத்தால் அதற்கு மட்டும்தான் அணையும். மற்ற மூன்றில் ஒன்று அதே டேட்டாவில் கைவைக்கலாம். அதைத் தடுப்பது ஸ்பின்லாக். பூட்டு கிடைக்கும்வரை கோர் தூங்காமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சந்தேகம்: ஸ்பின்லாக் போட்ட பிறகு போர்டு அடியோடு ஹேங் ஆகிறது. பக்கத்துக் கோர்தான் காரணமா?

விளக்கம்: பெரும்பாலும் இல்லை, அதே கோர்தான். சாதாரண கோடு பூட்டை வாங்கி வைத்திருக்கும்போது, அதே கோரில் இன்டரப்ட் வருகிறது. ஹேண்ட்லரும் அந்தப் பூட்டையே கேட்டுச் சுற்றத் தொடங்குகிறது. பூட்டை விட வேண்டிய கோடோ, ஹேண்ட்லர் முடிந்தால்தான் மேற்கொண்டு ஓட முடியும். ஹேண்ட்லர் முடியாது, பூட்டும் விடுபடாது. இன்டரப்ட் வேறு கோரில் வந்திருந்தால் சிறிது காத்திருந்து பூட்டை வாங்கியிருக்கும். ஆகவே இந்தப் பிழை சோதனை மேசையில் சிக்காமல் நழுவி, வேலைக்குப் போட்ட இடத்தில் போய் நிற்கும். டிரைவர் பிழைகளில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

ஹேண்ட்லர் தொடும் டேட்டாவை வேறு கோடும் தொட்டால், அந்தக் கோடில் 'ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ்' போடுங்கள். அது தன் கோரின் இன்டரப்டை அணைத்துவிட்டுத்தான் பூட்டை வாங்கும்.

சந்தேகம்: 'சேவ்' இல்லாத 'ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூ' போதாதா?

விளக்கம்: பூட்டை விடும்போது அது இன்டரப்டைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடும். நம்மை அழைத்த ஃபங்ஷன் ஏற்கெனவே அணைத்து வைத்திருந்தால் அதன் பாதுகாப்பு போயிற்று. 'சேவ்' முந்தைய நிலையைக் குறித்துவைத்து, அதற்கே திருப்பும். புதிதாக எழுதுகிறவர்கள் இதையே பழகிக்கொள்வது நல்லது.

சந்தேகம்: ஹேண்ட்லருக்குள்ளும் அதுவேதானா? மியூடெக்ஸ் போடலாமா?

விளக்கம்: ஹேண்ட்லருக்குள் வெறும் 'ஸ்பின்_லாக்' போதும். 2010 முதல் லினக்ஸ், ஹேண்ட்லர் ஓடும் கோரில் இன்டரப்டை அணைத்தே வைத்திருக்கிறது. த்ரெடாக ஓடும் ஹேண்ட்லருக்கு இது பொருந்தாது. த்ரெடாக ஓடாத ஹேண்ட்லரில் மியூடெக்ஸ் கூடவே கூடாது. அது காத்திருப்பவரைத் தூங்கவைக்கும், அந்த ஹேண்ட்லருக்குத் தூங்க அனுமதி இல்லை.

சந்தேகம்: பல கோர்கள் ஒரே பூட்டுக்கு முட்டினால்?

விளக்கம்: முன்பெல்லாம் கையில் சிக்கியவருக்கே பூட்டு. ஒரு கோர் நெடுநேரம் ஏமாந்து நிற்கும். 2008-இல் மருத்துவமனை டோக்கன் மாதிரி வரிசை எண் தரும் பூட்டு லினக்ஸில் வந்தது. 2015-இல் வரிசையில் நின்று காத்திருக்கும் வகை வந்தது. இதெல்லாம் கெர்னலின் பொறுப்பு. பூட்டை வைத்திருக்கும் நேரத்தைச் சுருக்குவதுதான் நம் வேலை.

சந்தேகம்: ஹேங் ஆகும் முன்பே பிழையைப் பிடிக்க வழி உண்டா?

விளக்கம்: உண்டு. 2006-இல் லினக்ஸில் சேர்ந்த லாக்டெப், ஒரு பூட்டு ஹேண்ட்லருக்குள்ளும், வெளியே இன்டரப்ட் திறந்திருக்கும்போதும் வாங்கப்பட்டதைக் கண்டால், ஹேங் நேராவிட்டாலும் எச்சரிக்கும். கெர்னலைக் கம்பைல் செய்யும்போது 'புரூவ் லாக்கிங்' விருப்பத்தை இயக்குங்கள். டிரைவரை ஓட்டிவிட்டு, டிமெசேஜைப் படித்துப் பாருங்கள்.