இணையருக்காக ஊர் மாறும் தலித் பெண் வழக்கறிஞர்: பதிவு இடம் மாறும், பழக்கம் மாறுமா?

திருமணத்தாலோ இணையரின் பணி மாற்றத்தாலோ ஒரு பெண் ஊர் மாற நேர்கிறது. அவர் அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் இடமாறுதல் கலந்தாய்வு இருக்கிறது. வங்கி ஊழியர் என்றால் கிளை மாற்றம் கேட்கலாம். வழக்கறிஞருக்கு அப்படி விண்ணப்பிக்க ஓர் அலுவலகம் இல்லை. விழுப்புரத்தில் மூன்றாண்டுகள் தொழில் செய்த ஓர் இளம் வழக்கறிஞர் கோவைக்குப் போனால், அவருடைய பதிவு எண்ணும் கறுப்பு அங்கியும் கூடவே வருகின்றன. வாய்தா தேதியை நினைவூட்டிய குமாஸ்தாவும், கைது என்றால் முதல் அழைப்பை அவருக்கே விடுத்த சேரி மக்களும், "இந்தப் பொண்ணு நல்லா டிராஃப்ட் பண்ணும்" என்று நாலு பேரிடம் சொன்ன சீனியரும் விழுப்புரத்திலேயே தங்கிவிடுகிறார்கள். முதல் தலைமுறை வழக்கறிஞருக்கு அந்தச் சிலரே மொத்த மூலதனம்.

இந்த இழப்பை நாம் பெரும்பாலும் அந்தப் பெண்ணின் குடும்பச் சிக்கலாகப் பார்த்துப் பழகிவிட்டோம். "கல்யாணத்துக்கு அப்புறம் பிராக்டீஸை விட்டுட்டாங்க" என்ற ஒரு வரியில் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் அவர் விட்டது ஏன் என்று கேட்டால், இத்தொழிலில் வேலை எவ்வாறு கைமாறுகிறது என்ற இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

வழக்கறிஞர் தொழிலில் ஜூனியர் பணிக்கு அறிவிப்பு வருவது அரிது. தேர்வு இல்லை, தரவரிசைப் பட்டியல் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை. யாராவது ஒருவர் ஒரு சீனியரிடம் அழைத்துப் போய் "நம்ம பையன்" என்றோ "நம்ம வீட்டுப் பெண்" என்றோ சொல்ல வேண்டும். அந்த 'நம்ம' என்ற சொல்லுக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது. அடுத்து, இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி வழக்கறிஞர் தம்மை விளம்பரப்படுத்திக்கொள்வதைத் தடுக்கிறது. தொழிலின் கண்ணியத்தைக் காக்க வந்த விதி அது, இருக்கட்டும். ஆனால் விளம்பரம் கூடாது என்றால் கட்சிக்காரர் வாய்வழியாகவே வர வேண்டும். நிலமும் கடையும் கட்டடமும் உள்ள உறவினர்கள் புது ஊரிலும் இருக்கும் ஒருவருக்கு அந்த வாய்வழி தானாகத் திறக்கிறது. ஊர்ச் சங்கம், சாதிச் சங்கம், திருமண உறவு என அவருடைய வலைப்பின்னல் அவருக்கு முன்பே அந்த ஊரில் போய் நிற்கிறது. தலித் பெண்ணின் வலைப்பின்னலோ அவர் தாமே கட்டியது. கட்டிய இடத்தை விட்டு அதைப் பெயர்த்தெடுக்க முடிவதில்லை.

இது புதிய கதையும் அன்று. 1923இல் பம்பாயில் தொழில் தொடங்கியபோது அண்ணல் அம்பேத்கருக்குப் பாரிஸ்டர் பட்டம் இருந்தது. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பெற்ற முனைவர் நிலைப் படிப்பு இருந்தது. பதிவுக்கான பணத்தை நண்பர் நவல் பதேனாவிடம் கடனாகப் பெற்றார். அன்றைய பம்பாய் உயர் நீதிமன்ற முறையில் சொலிசிட்டர்கள் வழக்குக் கட்டைக் கொடுத்தால்தான் பாரிஸ்டருக்கு வேலை. தீண்டப்படாதவராகக் கருதப்பட்ட ஒருவருக்கு அவர்கள் கொடுக்கவில்லை. மேல்முறையீட்டு வழக்குகளையும் மாவட்ட நீதிமன்ற வழக்குகளையும் நம்பி அவர் தொழில் நடத்தினார். வருமானத்துக்காக 1925 முதல் பட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். 1926இல் பூனாவில் பிராமணரல்லாதார் இயக்கத் தலைவர்கள் மீது தொடுக்கப்பட்ட அவதூறு வழக்கில் அவர்களுக்காக வாதாடி வென்ற பிறகே வழக்கறிஞராகப் பெயர் பரவியது. அந்த வழக்கைச் சொலிசிட்டர் எவரும் அவருக்குக் கொண்டுவந்து தரவில்லை, இயக்கமே கொண்டுவந்தது. ஊர் மாறும் இளம் வழக்கறிஞர்கள் இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

இனி நடைமுறைக்கு வருவோம். தமிழ்நாட்டுக்குள்ளோ புதுச்சேரிக்கோ மாறுபவருக்குப் பட்டியல் மாற்றம் தேவையில்லை. இரண்டுக்கும் ஒரே பார் கவுன்சில்தான். புதிய ஊரின் வழக்கறிஞர் சங்கத்தில் சேர்ந்து, அந்த மாற்றத்தைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் தொழில் சான்றிதழ் விதிகள் இதற்கு ஒரு மாதம் தருகின்றன. வேறு மாநிலம் என்றால், வழக்கறிஞர்கள் சட்டம் 1961இன் 30ஆம் பிரிவு இந்தியா முழுவதும் தொழில் செய்யும் உரிமையைத் தருகிறது. அப்பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் நலநிதியும் சங்க உறுப்பினர் நிலையும் மாநிலவாரியாக இயங்குவதால், நிலையாகத் தங்குபவர் 18ஆம் பிரிவின் கீழ் இந்திய பார் கவுன்சிலுக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்வதே நல்லது. அப்பிரிவு "கட்டணம் ஏதுமின்றி" என்றே கூறுகிறது. எவரேனும் வேறு பெயரில் பணம் கேட்டால் அது எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள். 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில், பதிவுக் கட்டணமாகச் சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தொகை பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். அதுவரை பல்லாயிரம் ரூபாய் கட்டிப் பதிவு செய்த தலித் பட்டதாரிகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாநிலம் மாறுபவருக்குச் சட்டத்தைவிட மொழியே பெரிய சுவர். பெங்களூரு விசாரணை நீதிமன்றத்தில் சாட்சி கன்னடத்தில் பேசுவார். விழுப்புரத்தில் குறுக்கு விசாரணையில் தேர்ந்தவர் அங்கே முதல் ஆண்டு ஊமையாக நிற்க நேரிடும். ஆங்கிலத்தில் நடக்கும் உயர் நீதிமன்ற ரிட் மனுக்களும் தீர்ப்பாய வழக்குகளும் அந்த இடைக்காலத்துக்குப் பொருந்தும்.

புது ஊரில் சீனியரைத் தேடும்போது ஊதியம் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. சென்னை, மதுரை, கோவை நகரங்களில் இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கப்பட வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் நகர்ப்புறத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை வெளியிட்டது. அது பரிந்துரைதான், கொடுக்காத சீனியரைத் தண்டிக்க அதில் வழியில்லை. இருந்தாலும் ஒரு பெண் பேச்சைத் தொடங்க அந்த எண் உதவும். "உனக்கென்ன, வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார்" என்ற பதில் வரக்கூடும். இணையருக்காக ஊர் மாறிய பெண்ணின் உழைப்பை இலவசமாக்கும் வாக்கியம் அது. சீனியர் அலுவலகத்தில் ஜூனியர் பணியாளராகக் கருதப்படாததால் சட்டம் தரும் 26 வார மகப்பேறு விடுப்பும் அவருக்கு எட்டுவதில்லை. "சொந்த ஊர் எது? அங்கே எந்தப் பக்கம்?" என்ற கேள்வியோ வாடகை வீடு தேடும்போதே பழகிவிட்டிருக்கும்.

ஒருவரின் தயவை நம்பாத கதவுகள் சிலவும் இருக்கின்றன. புது ஊருக்குப் போனதும் முதலில் பார்க்க வேண்டிய இடம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. அங்கே வழக்கறிஞர் பட்டியலில் சேர மூன்றாண்டு அனுபவத்தைப் பொதுவாக எதிர்பார்க்கிறார்கள். சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் முறையில் உதவி வழக்கறிஞர் பொறுப்புக்குத் தொடக்க நிலையினரும் விண்ணப்பிக்கலாம். அது முழுநேரப் பணி, மாத ஊதியம் உண்டு, தனி வழக்குகளை ஏற்க இயலாது. இப்பணிகளுக்கு அறிவிப்பு வருகிறது, விண்ணப்பம் இருக்கிறது, தேர்வு நடைமுறை இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இன்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள் அமைக்க வேண்டிய உள்ளகக் குழுவில் வெளி உறுப்பினர் ஒருவர் கட்டாயம்; அவ்விடத்துக்குச் சட்டம் அறிந்த பெண்கள் தேவைப்படுகிறார்கள்.

இவற்றைவிட முக்கியமான களம் வன்கொடுமை வழக்குகள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 15A பிரிவு, பாதிக்கப்பட்டவர் தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர் அல்லது வழக்கறிஞரின் உதவியைப் பெறுவதை உரிமையாக்கியது. பிணை மனு உட்பட வழக்கின் கட்டங்களில் அவர் தரப்பைக் கேட்கவும் வகை செய்தது. சிறப்பு அரசு வழக்கறிஞராக வர ஏழாண்டு அனுபவம் வேண்டும். ஆனால் பாதிக்கப்பட்டவரின் சார்பில் பிணைக்கு எதிராக மனு போட அத்தனை ஆண்டு தேவையில்லை. நம்பிக்கைக்குரிய வழக்கறிஞர் என்ன மாற்றத்தைக் கொண்டுவர முடியும் என்பதைக் கோகுல்ராஜ் வழக்கு காட்டியது. 2015இல் கொல்லப்பட்ட அவ்விளைஞரின் தாயார் போராடியதன் பேரில் வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது, ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்தார். 2022 மார்ச்சில் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. புது ஊரில் உள்ள தலித் அமைப்புகளிடம் போய் "15A மனுக்களை நான் பார்க்கிறேன்" என்று சொல்லும் ஒரு வழக்கறிஞர், எந்தச் சீனியரின் பரிந்துரையும் இன்றி அவ்வூரின் நீதிமன்றத்தில் நிற்கத் தொடங்கிவிடுகிறார். அதில் வருமானம் குறைவு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நிறுவன வேலைக்குப் போக எண்ணுபவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இந்திய பார் கவுன்சிலின் 49ஆம் விதிப்படி முழுநேர ஊதியப் பணியில் சேர்ந்தால் அதைத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். நீதித்துறைத் தேர்வை எண்ணியிருப்பவருக்கு இது முக்கியம். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் உரிமையியல் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கியது. அந்த அனுபவத்தை முதன்மை நீதித்துறை அலுவலரோ, அவருடைய மேலொப்பத்துடன் பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரோ சான்றளிக்க வேண்டும். ஆகவே பழைய ஊரில் தொழில் செய்த காலத்துக்கான சான்றைப் புறப்படும் முன்பே வாங்கி வையுங்கள். இரண்டாண்டு கழித்துப் புது ஊரிலிருந்து போய்க் கேட்டால் அந்தச் சீனியருக்கு நினைவிருக்கலாம், நீதிபதி மாறியிருப்பார்.

சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டு ஊரை விட்டு வெளியேறியவருக்கு இந்த ஆலோசனைகளில் பாதி பொருந்தாது. அவர்களுக்கு ஊர் மாறுவது உயிரைக் காப்பது. வழக்கறிஞர் தொழிலோ ஒளிந்திருந்து செய்யக்கூடியதன்று. வக்காலத்தில் பெயர் ஏறினால் வழக்கு விவரத்திலும் பெயர் ஏறும். நீதிமன்ற இணையதளத்தில் வழக்கறிஞர் பெயரைத் தட்டினால் எந்த ஊரில், எந்தத் தேதியில் நிற்பார் என்பது தேடுபவருக்குக் கிடைத்துவிடும். எனவே அச்சுறுத்தல் இருக்கும் காலம்வரை வக்காலத்தில் கையொப்பமிடாமல் மனு தயாரிப்பு, தீர்ப்பு ஆய்வு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றை ஓர் அலுவலகத்தின் உள்ளிருந்து செய்வது பாதுகாப்பானது. சக்தி வாகினி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் உதவி எண்ணும் அமைக்கப் பணித்தது. பாதுகாப்பு இல்லம் பற்றியும் வழிகாட்டியது. வழக்கறிஞராக இருப்பதாலேயே "நான் பார்த்துக்கொள்வேன்" என்று அந்தப் பாதுகாப்பைக் கேளாமல் விடக் கூடாது.

புறப்படும் முன் கையிலுள்ள வழக்குகளை ஒழுங்காக ஒப்படைப்பதும் கடமை. 12ஆம் விதி போதிய காரணமும் முன்னறிவிப்பும் இன்றி விலகுவதைத் தடுக்கிறது. உழைக்காத பகுதிக்கான கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது. கட்சிக்காரரிடம் நேரில் சொல்லி, அவர் விரும்பும் வழக்கறிஞரிடம் கட்டைக் கொடுத்து, அடுத்த வாய்தா தேதியை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். காவல் நிலையத்தில் ஓரிரவு கூட நின்ற வழக்கறிஞர் திடீரென்று காணாமல் போனால், அந்தச் சேரி மக்கள் அடுத்த தலித் பெண் வழக்கறிஞரையும் நம்பத் தயங்குவார்கள்.

நம் அமைப்புகளிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்க நிர்வாகத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடத்தை 2024இல் அந்நீதிமன்றமே ஒதுக்கியது. அந்த ஒதுக்கீட்டுக்குள் தலித் பெண்ணுக்கென இடம் எதுவும் குறிக்கப்படவில்லை. சங்கத் தேர்தலை மாற்றப் பல ஆண்டுகள் ஆகலாம்; மாவட்டந்தோறும் நிலைபெற்றுவிட்ட தலித் வழக்கறிஞர்களின் பட்டியலொன்றைத் தயாரிக்க ஒரு மாதம் போதும். கோவைக்கு வரும் விழுப்புரத்துப் பெண் முதல் வாரத்தில் யாரைச் சந்திக்க வேண்டும், யாருடைய அலுவலகத்தில் ஒரு மேசை இருக்கிறது, எந்த 15A மனு வழக்கறிஞர் இல்லாமல் காத்திருக்கிறது என்பவை அந்தப் பட்டியலில் இருந்தால் போதும்.