தெரபி அறையின் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்

காங்கேயம் பக்கத்தில் மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில், "அவங்க அப்பாரும் அப்படித்தானுங்க, அஞ்சு வயசுலதான் வாயைத் தொறந்தாரு" என்பதுதான். அடுத்தது சிவன்மலைக்கு ஒரு வேண்டுதல். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாததும், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாததும் இரண்டு வயதுக்குள்ளேயே தெரிந்துவிடும் அறிகுறிகள். ஆனாலும் பள்ளியில் சேர்த்து, "உங்க பையன் ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கிறானுங்க" என்று ஆசிரியை சொன்ன பிறகுதான் பல வீடுகளில் ஓட்டம் தொடங்குகிறது. திருப்பூர், ஈரோடு, கோவை என்று பேருந்து மாறி மாறி அலைகிறார்கள். ரைஸ் மில்லிலும் தேங்காய்க் களத்திலும் வேலை பார்க்கிற தாய்க்கு ஒரு நாள் தெரபி என்றால் ஒரு நாள் கூலி போயிற்று.

அப்படிப் போய்ச் சேர்ந்த இடத்தில் பிள்ளையை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறார்கள். முக்கால் மணி நேரம் கழித்துப் பிள்ளை அழுத முகத்தோடு வெளியே வருகிறது. உள்ளே என்ன நடந்தது என்று கேட்கவும் தயக்கம். இந்தத் தயக்கம் நம் பெற்றோரிடமிருந்து போக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஆட்டிசக் குழந்தைகளுக்கான பயிற்சிகளில் அதிகம் பேசப்படும் ஏ.பி.ஏ. என்கிற நடத்தைப் பகுப்பாய்வு முறை, பெற்றோர் கற்றுக்கொண்டு வீட்டில் செய்தால்தான் பலன் தரும். அவர்களை வெளியே உட்காரவைக்கும் இடத்தில் அதில் பாதிகூட நடப்பதில்லை.

முறையின் அடிப்படை எளிமையானது. எந்தச் செயலுக்கும் முன்னால் ஏதோ ஒன்று நடக்கிறது, பின்னால் ஏதோ ஒன்று கிடைக்கிறது. பின்னால் கிடைப்பதைப் பொறுத்தே அந்தச் செயல் மறுபடி வருவதும் வராமல் போவதும். பேச்சு வராத குழந்தை கத்துவதற்கும் கடிப்பதற்கும் பெரும்பாலும் நான்கில் ஒரு காரணம் இருக்கும்: ஒரு பொருள் வேண்டும், ஆள் கவனிக்க வேண்டும், பிடிக்காத ஒன்றிலிருந்து தப்ப வேண்டும், அல்லது அந்தச் செயலே உடம்புக்கு இதமாக இருக்கிறது.

காலையில் சட்னிக்கு மிக்ஸி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான், கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான். ஆத்தா பதறிப்போய், "அழுவாத சாமி" என்று மிக்ஸியை நிறுத்திவிட்டுச் செல்போனைக் கையில் கொடுக்கிறார். அடங்கிவிடுகிறான். பார்ப்பவர்களுக்கு இது போனுக்கான அடமாகத் தெரியும். தொடங்கியது மிக்ஸியின் சத்தத்தில் என்பதை யாரும் குறித்துவைப்பதில்லை. அவனோ அதற்குள் ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டான்: கன்னத்தில் அறைந்தால் சத்தமும் நிற்கும், போனும் வரும்.

ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு, முன்னால் நடந்தது, பிள்ளை செய்தது, பிறகு நாம் செய்தது என்று இரண்டு வாரம் எழுதிப் பார்த்தால் இந்தச் சங்கிலி கண்ணுக்குத் தெரியும். நேரத்தையும் குறிக்க வேண்டும். எழுதத் தெரியாத வீட்டில் பள்ளிக்குப் போகும் அக்காவோ அண்ணனோ எழுதலாம்.

நோட்டுக்கும் முந்தியது மருத்துவப் பரிசோதனை. திடீரென்று ஒரு குழந்தை தலையை முட்டத் தொடங்கினால் பல்வலியா, காதில் சீழா, மலச்சிக்கலா என்று மருத்துவரிடம் காட்டிய பிறகே நடத்தை என்று பேச வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். வலி என்று சொல்ல வார்த்தை இல்லாத பிள்ளையிடம் நடத்தையைத் திருத்தப் புறப்படுவது அநியாயம்.

காரணம் சத்தம்தான் என்று தெரிந்தால் மிக்ஸி போடுவதற்கு முன் சொல்லிக் காட்டலாம், பையனை முன்வாசலுக்குக் கூட்டிப்போகலாம். அத்தோடு, 'வேண்டாம்' என்பதற்கு ஒரு கையசைவோ படமோ கற்றுக்கொடுக்க வேண்டும். அவன் அதைக் காட்டிய உடனே சத்தத்தை நிறுத்த வேண்டும். அலறலால் கிடைத்தது இனி கையசைவால் கிடைக்கிறது. அலறலுக்குத் தேவை குறைகிறது. இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு செயலை நிறுத்தச் சொல்லும் முன், அதே வேலையைச் செய்யும் இன்னொன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதுவரை அலறினால் கிடைத்தது கிடைக்காமல் போகும்போது முதல் சில நாட்கள் அலறல் கூடத்தான் செய்யும். பாதியில் மனமிரங்கிப் பழையபடி கொடுத்துவிட்டால், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்பதே பாடமாகிவிடும். அதனால் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். ஆத்தாவிடம் ஒரு வழி, அம்மாவிடம் ஒரு வழி என்றால் நடக்காது. ஆனால் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தையிடம் கண்டுகொள்ளாமல் இருந்து பார்க்கும் சோதனையைத் தகுதியுள்ளவர் துணையின்றி வீட்டில் செய்யக் கூடாது.

பெற்றோரால் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்குக் கோவாவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. அங்கும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2016-ல் வெளியானது. மருத்துவப் பட்டம் இல்லாத சமூகப் பணியாளர்கள், குழந்தையோடு ஈடுகொடுத்து விளையாடவும் பேசவும் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோரின் அணுகுமுறை மாறியது. குழந்தைகள் தாமாகப் பேச்சுக்கொடுக்க முன்வருவதும் கூடியது. அது ஏ.பி.ஏ. முறை அல்ல. ஆனால் பெற்றோரைப் பயிற்றுவிப்பது நம் நாட்டு நிலைமையிலும் நடக்கக்கூடியது என்பதற்கு நல்ல சான்று.

ஏ.பி.ஏ.வின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் இவார் லோவாஸ் 1987-ல் வெளியிட்ட ஆய்வுதான் இந்த முறையைப் புகழ்பெறச் செய்தது. வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி. 19 குழந்தைகளில் 9 பேர் இயல்பான வகுப்புகளுக்குத் தேறினார்கள் என்றார். அந்தப் பயிற்சியில் உரத்த அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன. மாசசூசெட்ஸில் ஒரு நிறுவனம் நடத்தையைத் திருத்த மின்னதிர்ச்சி கொடுத்துவந்தது. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2020-ல் போட்ட தடையை மறு ஆண்டே நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தலைமுறையில் பயிற்சி பெற்று வளர்ந்த ஆட்டிச மனிதர்கள், தங்களை வேறொருவராக நடிக்கவைத்ததாகவே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். இன்று நல்ல பயிற்சியாளர்கள் தண்டனையைக் கைவிட்டு விளையாட்டோடு கற்பிக்கிறார்கள். ஆயினும் பழைய பழக்கம் சாத்திய கதவுகளுக்குள் தங்கிவிடுகிறது.

கையை உதறுவது, சுற்றுவது, ஒரே மூடியை உருட்டிக்கொண்டிருப்பது ஆகியவற்றால் யாருக்கும் தீங்கில்லை. பிள்ளையின் மனம் அமைதியடைவதற்கு அவை வழி. அவற்றை நிறுத்துவதும், மோவாயைப் பிடித்துக் கண்ணைப் பார்க்கவைப்பதும் இலக்காக இருக்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். 'சொன்னபடி செய்தால்தான் சாப்பாடு' என்பது அதைவிட மோசம், அது குற்றம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 92-ஆம் பிரிவு, தன் பொறுப்பில் உள்ள மாற்றுத்திறனாளிக்குத் தெரிந்தே உணவோ தண்ணீரோ மறுப்பவருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. குழந்தையைப் பராமரிக்கும் நிறுவனத்தின் ஊழியர் அடித்துக் கொடுமை செய்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவிலும் ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு.

சேர்க்கும் முன்பே சிலவற்றைக் கேட்டு வாங்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்துவதற்கு 2016 சட்டப்படி பதிவுச் சான்று வேண்டும். சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவின்றித் தொழில் செய்வது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. பலகையில் 'ஏ.பி.ஏ. சான்று பெற்றவர்' என்று இருந்தால் யார் கொடுத்த சான்று என்று கேளுங்கள். அமெரிக்காவின் நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்று வாரியம் 2023 ஜனவரி முதல் இந்தியாவில் வசிப்பவர்களுக்குப் புதிதாகச் சான்று தருவதை நிறுத்திவிட்டது. வார இறுதி வகுப்புச் சான்றிதழும் அதுவும் ஒன்றல்ல. மூன்று மாத இலக்குகளை எழுதி வாங்குங்கள். பயிற்சியின்போது உள்ளே உட்காரவோ கண்ணாடி வழியாகப் பார்க்கவோ அனுமதி கேளுங்கள். பிள்ளையின் கவனம் சிதறும் என்பார்கள். முதல் சில நாட்களுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம், என்றென்றைக்கும் இருக்க முடியாது.

முழுவதும் குணமாக்குகிறோம் என்பவரிடம் போகவே வேண்டாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல, அதை விளம்பரப்படுத்துவது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. தோட்டத்தை அடகு வைத்து அதற்குப் பணம் புரட்ட வேண்டியதில்லை.

செலவில்லாத வாசல்களும் உண்டு. அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிந்து பயிற்சி தருவதற்காகவே இருக்கின்றன. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் உண்டு. சென்னையை ஒட்டிய முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. கோவையில் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வளாகத்திலும் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் சிறப்பாசிரியர்கள் பயிற்சி பெற்று வெளிவருகிறார்கள். அரசு மருத்துவமனையில் ஆட்டிசத்தை 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோலால் மதிப்பிட்டு ஊனச் சான்றும் அடையாள அட்டையும் தருவார்கள். அது கையில் இருந்தால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரபிச் செலவும் அதில் அடக்கம். அட்டை வாங்கினால் பிள்ளைக்குப் பேர் கெட்டுப்போகும் என்று தயங்கும் வீடுகள் இழப்பது இதைத்தான்.

பள்ளியில் இடமில்லை என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். அரசு நிதி பெறும் பள்ளியானாலும் அங்கீகாரம் மட்டும் பெற்ற மெட்ரிக் பள்ளியானாலும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்பதே 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை உண்டு. தொடக்க நிலையில் பத்து சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. மனு முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் போக வேண்டும். பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

தெரபி மையத்தில் பிள்ளைக்கு அடிபட்டிருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காட்டிக் காயத்தைப் பதிவு செய்யுங்கள், தேதியோடு படம் எடுங்கள். 1098-ல் புகார் சொல்லலாம். காவல் நிலையம் தவிர, நிர்வாக நடுவர் என்ற முறையில் தாசில்தாரிடமும் 2016 சட்டத்தின் 7-ஆம் பிரிவின்கீழ் மனு கொடுக்கலாம். பெற்றோர்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, விவரம் தெரிந்த யாரும் கொடுக்கலாம். முன்பணம் வாங்கிக்கொண்டு சொன்ன பயிற்சியைத் தராதவர் மீது இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், மாற்றுத்திறனாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. ரசீது, இலக்குத் தாள், வீட்டில் எழுதிய அந்த நோட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.