வாடகையோடு முடிவதில்லை

குறைந்த வாடகை வீடே ஏழைக்கு ஏற்ற வீடு என்றுதான் எண்ணியிருந்தேன். இங்கிலாந்தில் நோர்விச் மாநகர சபை கோல்ட்ஸ்மித் வீதியில் கட்டிய வீடுகளைப் பற்றி அறிந்தபோது அவ்வெண்ணம் மாறியது.

குளிர்நாட்டில் வாடகை கட்டிய பின்னரும் வீட்டைச் சூடாக்கும் செலவு காத்திருக்கும். உணவா, வெப்பமா என்று வறியோர் தவிப்பர். எனவே சபை தடித்த சுவர்கள் எழுப்பி, வெயில் உள்ளே விழும்படி வீடுகளைத் தெற்கு நோக்கி அமைத்தது. முன்வரிசையின் நிழல் பின்வரிசையில் விழாதவாறு கூரைகளைச் சரித்தது. வெப்பம் கசியாதிருக்க, கடிதம் போடும் துளையைக்கூடக் கதவில் இடாமல் பெட்டியை வெளியே வைத்தது.

2019இல் பிரித்தானியாவின் ஸ்டேர்லிங் கட்டடக்கலை விருது இவ்வீடுகளுக்கே கிடைத்தது. ஏழைக்கென்று கட்டுவது மட்டமாக இருக்கவேண்டியதில்லை. குடியேறிய பின் வரும் செலவையும் முன்னரே கணக்கிடுவதுதான் நல்ல வீட்டுத்திட்டம் என்பேன்.