யாரும் கேட்காமல் உருவாகும் ஓர் அணி

ப = க + ச + ட. மூன்று அணிகளைக் கூட்டி நாலாவதில் போடுகிறோம். பார்க்க ஒரே வரிதான். ஆனால் சி++ மொழியில் சாதாரணமாக எழுதிய ஓர் அணி கிளாஸ் இதை எப்படிச் செய்யும்? முதலில் க + ச கணக்கிட்டு ஒரு தற்காலிக அணியில் வைக்கும். அதோடு ட-வைக் கூட்டி இன்னொரு தற்காலிக அணி. அப்புறம்தான் விடை ப-வுக்குப் போகும்.

அணியின் அளவு 4000 × 4000 என்றால் 1.6 கோடி எண்கள். எண்ணுக்கு 8 பைட் வீதம் ஓர் அணிக்கு 128 மெகாபைட். இது கேஷில் அடங்காது. கூட்டல் சுலபம், செலவெல்லாம் நினைவகத்துக்குப் போய்வருவதில்தான்.

இதற்கு டாட் வெல்ட்ஹைசன் 1995-ல் எழுதிய வழி 'எக்ஸ்பிரஷன் டெம்ப்ளேட்'. க + ச என்றதும் கூட்டாதே, "இதையும் அதையும் கூட்டணும்" என்று ஒரு குறிப்பை மட்டும் வைத்துக்கொள். ப-வுக்கு மதிப்புக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் ஒரே லூப்பில் முடித்துவிடு. ஐகன் லைப்ரரி இப்படித்தான் வேலை செய்கிறது. கூட்டலுக்குத் தற்காலிக அணியே கிடையாது.

அப்போ பெருக்கலுக்கும் இதையே செய்யலாமே? அங்கேதான் சிக்கல். கூட்டலில் ஓரிடத்து விடைக்கு அதே இடத்து எண்கள் போதும். அதனால் ப = ப + க ஆபத்தில்லை. பெருக்கலில் ஒரு விடைக்கு ஒரு முழு நிரையும் ஒரு முழு நிரலும் வேணும்.

க-வின் நிரைகள் (1, 2), (3, 4) என்று வையுங்கள். க × க-வின் சரியான விடை (7, 10), (15, 22). தற்காலிக அணி இல்லாமல் விடையை நேராக க-வுக்குள்ளேயே எழுதிக்கொண்டு போனால்? முதல் இடத்தில் 7 சரியாக வரும். ஆனால் அங்கே இருந்த 1 போச்சு. அடுத்த இடத்தில் 1×2 + 2×4 = 10 வருவதற்குப் பதில் 7×2 + 2×4 = 22. அதற்கடுத்து 33, கடைசியில் 742!

அதனால்தான் ப = க * ச என்று எழுதினால் ஐகன் முதலில் ஒரு தற்காலிக அணியில் பெருக்கி, பிறகு ப-வில் போடுகிறது. ப வேற, க வேற என்பது நமக்குத் தெரியும்; அது அப்படி நம்பிக்கொள்ள முடியாது. நாம் சொல்லலாம்: ப.நோஅலையஸ்() = க * ச. அலையஸ் என்றால் ஒரே நினைவிடத்துக்கு ரெண்டு பேர். அப்படி எதுவும் இல்லை என்று நாம் கொடுக்கும் வாக்கு இது. பொய் வாக்கு கொடுத்தால் கம்பைலர் திட்டாது; விடை மட்டும் சத்தமில்லாமல் தப்பாகும். பேர் வேறாக இருந்தால் போதாது. ப என்பது க-வின் ஒரு துண்டாக இருந்தாலும் ஆபத்துதான்.

இடமாற்று அணியில் கதை தலைகீழ். க = க.டிரான்ஸ்போஸ்() என்றால் ஐகன் தற்காலிக அணி எடுக்காது, விடை கெடும். டீபக் முறையில் ஓடினால் இதைப் பிடித்து நிறுத்தும். அதற்கென்றே டிரான்ஸ்போஸ்இன்பிளேஸ்() இருக்கு.

சரி, எவ்வளவு லாபம்? 4000 அளவில் பெருக்கல்கள் மட்டும் 6400 கோடி, நகலெடுப்பதோ 1.6 கோடி எண்கள். நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. மிச்சமாவது 128 மெகாபைட் நினைவகம். நேர லாபம் தெரிவது, ஓடும்போது அளவு முடிவாகும் 8 × 8 மாதிரி குட்டி அணிகளை லட்சக்கணக்கான தடவை பெருக்கும் லூப்பில். அங்கே ஒவ்வொரு தடவையும் நினைவகம் கேட்டு வாங்கித் திருப்பித் தருவதே பெரிய வேலை.

ஆகவே எல்லா வரியிலும் நோஅலையஸ் தூவ வேண்டாம். எந்த லூப் நேரம் தின்கிறது என்று அளந்து பாருங்கள். அந்த வரியில் இடப்பக்கத்து நினைவகம் வலப்பக்கம் எங்கேயும் வரவில்லை என்று உறுதியானால் மட்டும் போடுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தத் தற்காலிக அணி இருந்துட்டுப் போகட்டும். அது இருப்பது விடை சரியாக வரத்தான்.